பாதி பழகிய குதிரைகளும் ஒரு நாட்டுப்புற ஆசிரியையும்

நம்மிடையே வாழ்க்கை வரலாறு எனப்படுவது பெரும்பாலும் பெரியோர் சரித்திரமாகவே இருந்து வந்துள்ளது. தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் சமயப் பெரியார்களுக்கும் சரித்திரம் உண்டு. ஒதுக்குப்புறப் பாடசாலையொன்றிலே நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துவிட்டு மறைந்துபோகும் ஓர் ஆசிரியைக்குச் சரித்திரம் உண்டென்று நாம் எண்ணுவதில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்போரே அவ்வாறு எண்ணுவதில்லை என்பதுதான் வேடிக்கை. இந்நிலையில், அமெரிக்க எழுத்தாளரான ஜெனெற் வோல்ஸ் தம் தாயின் தாயாரான லில்லி கேசி ஸ்மித் என்பவரின் வாழ்வை ஒரு முழு நூலாக்கியிருப்பது நம் கவனத்துக்குரியது. 2009 ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் 'ஹாஃப் புரோக் ஹோர்சஸ்'. 'பாதி பழகிய குதிரைகள்' என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். காட்டுக் குதிரையுமாகாமல், வண்டியிற் பூட்டத்தக்க குதிரையுமாகாமல் இடைநடுவில் நிற்கும் குதிரையைக் குறிக்கும் மேய்ச்சல் நிலத்துச் சொல் அது. 'உண்மை வாழ்க்கை நாவல்' என்று நூலாசிரியர் தம் நூலுக்கு ஒரு துணைத் தலைப்பும் இட்டிருக்கிறார். இத்துணைத் தலைப்பைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

லில்லி 1901 இல் மேற்கு ரெக்சாசிலே, மண்ணைக் குடைந்து அமைத்த நிலவறை வீடொன்றிற் பிறந்தவள். தந்தை வண்டிக் குதிரைகளைப் பழக்கி விற்பவர். சிறு வயதிலே குதிரை உதைத்ததனால் அவர் நடையும் பேச்சும் ஊனமுற்றிருந்தன. எனவே அவர் பேச்சை அயலாருக்கு விளக்குவதும், ஆட்களை ஏவுவதும், குதிரைக் குட்டிகளைப் பழக்குவதும் பத்து வயது நிரம்பாத மகளின் வேலையாயின. பதின்மூன்று வயதில் சாந்தா பே நகரத்துக் கன்னியர் மடப் பாடசாலைக்கு அனுப்பப்படுகிறாள். படிப்புச் செலவுக்கென்றிருந்த பணத்தைத் தந்தை உயர்சாதி நாய்களை வாங்குவதிற் போட்டுவிடுகிறார். படிப்பு அத்துடன் நின்றுவிடுகிறது.

முதலாம் உலகப் போர் வருகிறது. ஆண்கள் போருக்கும், பெண்கள் பலர் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, ஒதுக்குப்புறப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காத பதினைந்து வயதுச் சிறுமிக்கு ஆசிரியைப் பதவி வழங்கப்படுகிறது. நியூ மெக்சிக்கோவிலிருந்து அரிசோனாவிலுள்ள றெட் லேக் என்ற ஊருக்கு ஐந்நூறு மைல். அவள் தன்னந்தனியாகக் குதிரையேறி இருபத்தெட்டு நாளிற் போய்ச் சேருகிறாள். போர் முடிகிறது. தராதரப் பத்திரமுள்ள ஆசிரியர்கள் திரும்பி வருகிறார்கள். அவள் வந்த வழியே திருப்பி அனுப்பப்படுகிறாள்.

இந்த ஐந்நூறு மைல் பயணத்தைப் பற்றியே நூலைப் படித்தோர் பலரும் பேசுவர். நாம் அதனினும் முக்கியமெனக் கருதுவது அவளின் திரும்பு பயணத்தையே. ஆள் தட்டுப்பாடு இருந்தபோது வேண்டப்படாத தகைமை, ஆள் கிடைத்ததும் வேண்டப்படுகிறது. பிள்ளைகள் அவளிடம் படித்தார்களா இல்லையா என்பது விசாரிக்கப்படவில்லை. உழைப்பைச் சந்தையிலே வாங்குவோர் அதற்கு விதிக்கும் நிபந்தனைகளின் இயல்பு இதுவே. தற்காலிக ஆசிரியராய்க் காலந்தள்ளும் எவருக்கும் இப்பகுதியை விளக்கிக் கூறவேண்டிய அவசியமில்லை. லில்லியோ இதனைத் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியாகக் காண்பதிலும் பார்க்க, தன்னிடமிருந்த குறைபாடாகவே காண்கிறாள். தராதரப் பத்திரம் இல்லையெனின் அதனைப் பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்துச் சிக்காகோ நகருக்குப் புகைவண்டி ஏறுகிறாள்.

நூல் முழுவதுக்கும் திறவுகோல் என்று கொள்ளத்தக்க ஒரு நிகழ்ச்சி சிக்காகோவிலேயே நிகழ்கிறது. அங்கே அவள் பணக்கார வீடுகளில் வேலைக்காரியாயிருந்துகொண்டு படிக்கிறாள். அவளுடன் அறையிற் குடியிருந்த தோழி மினி, போத்தல் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவள், நீண்ட கருங்கூந்தலுடையவள். ஒருநாள் அக்கூந்தல் இயந்திரத்தின் பற்சக்கரங்களில் அகப்பட, அவள் நசுங்கி இறந்துபோகிறாள். லில்லி செய்வது யாது? தன் நீண்ட கூந்தலை வெட்டிவிடுகிறாள்.

இதனைப் படித்த கணம் நாம் நூலை மூடி வைத்துவிட்டோம். மூடிக் காப்பிடாத இயந்திரம் அங்கேயே இருக்கிறது. மறுநாட் காலை அவ்விடத்தில் வேறொரு பெண் நிற்பாள். தோழியின் சாவிலிருந்து லில்லி கற்றுக்கொள்ளும் பாடம், பெண்கள் கூந்தலை வெட்டிக்கொள்ளவேண்டும் என்பது. உலகம் தரும் ஒவ்வோர் அடிக்கும் அவள் தன் உடம்பிலேயோ மனத்திலேயோ ஒரு மாற்றத்தைச் செய்து விடையளிக்கிறாள். உலகத்தின்மேல் அவள் கை படுவதில்லை. அவளுடைய வீரம், துணிவு, நகைச்சுவை ஆகிய எல்லாம் இவ்வெல்லைக்குட்பட்டவை. ஐந்நூறு மைல் தனியே போகத் துணிந்தவளுக்கு, அத்தொழிற்சாலையின் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டுமென்று தோன்றவில்லை.

ஒரு தனிப்பெண்ணிடம் நாம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்க்கிறோம் என்று சிலர் கூறக்கூடும். லில்லி ஒரு தொழிற்சங்கவாதியாக இருந்திருக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. மேய்ச்சல் நிலத்திலே ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் இடையே பல மைல்கள் கிடக்கும். கூடிநிற்பதற்கு அங்கே ஆளில்லை. அந்நிலத்தில் வளர்ந்த மனம் தன்முயற்சியொன்றையே தெய்வமாகக் கொள்வது இயல்பேயாகும். ஆயின், அரிசோனா அக்காலத்தில் தனிமனிதர் மட்டும் வாழ்ந்த பாலைவனம் என்றும் எண்ணிவிடக் கூடாது. அம்மாநிலத்தின் பிஸ்பீ என்ற செப்புச் சுரங்க நகரில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளரும் அவர்தம் ஆதரவாளருமாக ஏறத்தாழ 1,200 பேர், 1917 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள் துப்பாக்கி முனையிற் பிடிக்கப்பட்டு, மாடேற்றும் புகைவண்டிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, நியூ மெக்சிக்கோப் பாலையிற் கொண்டுபோய் விடப்பட்டனர். லில்லியின் குதிரை சென்ற வழியில் பிஸ்பீ இல்லை. எனினும் அவள் வாழ்ந்த காலமும் மாநிலமும் அவையே.

சிக்காகோவில் அவளுக்கு வாய்த்த கணவன் ஏற்கெனவே மனைவி மக்கள் உடையவன் என்பது தெரியவருகிறது. அவனை விட்டுவிட்டு அரிசோனா திரும்பி, ஆசிரியர் கலாசாலையிற் படித்து, மீண்டும் றெட் லேக் பாடசாலைக்கே வருகிறாள். அங்கேதான் தங்கை ஹெலன் அவளிடம் அடைக்கலம் புகுந்து, மணமாகாமற் கருவுற்ற நிலையில் தூக்கிட்டு இறக்கிறாள். பின்னர் லில்லி ஜிம் ஸ்மித் என்பவரை மணக்கிறாள். இருவரும் மோட்டார் திருத்தும் கடை நடத்துகின்றனர். பொருளாதார மந்தம் வந்து கடையைத் தின்றுவிடுகிறது. மதுவிலக்குக் காலமாதலால் குழந்தையின் தொட்டிலுக்கு அடியிற் போத்தல்களை ஒளித்து வைத்து அவள் கள்ளச்சாராயம் விற்கிறாள். இப்பகுதிகள் எல்லாம் சுவை குன்றாமற் சொல்லப்பட்டுள்ளன. அளந்து பேசும் வறண்ட நடை. இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடியும் சிறு அதிகாரங்கள். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கிழவி கதை சொல்வதைக் கேட்பதுபோலவே இருக்கிறது. நூலாசிரியரின் திறமை இதில் ஐயத்துக்கிடமற்றது.

பின்னர் பண்ணை வருகிறது. செலிக்மன் நகருக்கு அப்பால், ஒரு இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலம். கணவனும் மனைவியும் அதனை நிருவகிக்கிறார்கள். உடையவர்கள் இங்கிலாந்திலுள்ள முதலீட்டாளர்கள். தேயிலை மலைகளை லண்டன் கந்தோர்களிலிருந்து ஆண்ட கம்பெனிகளை அறிந்த நமக்கு இவ்வேற்பாடு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய மூலதனம் இலங்கை மலைச்சரிவுகளிலும் அமெரிக்க மேற்குச் சமவெளிகளிலும் ஒருங்கே இலாபந் தேடிச் சென்றது வரலாறு. வரட்சி வருகிறது. ஜிம் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மண்ணைத் தோண்டி அணை கட்டி நீரைத் தேக்குகிறான். மாடுகள் பிழைக்கின்றன. பின்னர் ஒருநாள், உடையவர்கள் பண்ணையை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் ஹொலிவுட் படத் தயாரிப்பாளர். குதிரையும் தொப்பியும் படத்தில் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே பண்ணையும் தோன்றவேண்டும் என்பது அவர் விருப்பம். அணை கட்டியவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். உழைத்தவருக்கு உரிமை இல்லை என்ற உண்மையை இவ்வளவு எளிமையாக, ஒரு சொற்பொழிவும் இல்லாமற் காட்டிய பகுதிகள் தற்கால அமெரிக்க எழுத்தில் நாம் படித்தவற்றுட் சிலவே. கதை சொல்லும் லில்லிக்கு அந்த உண்மை புலப்படவில்லை. வாசகனுக்குப் புலப்படுகிறது. நூல் தன் கதாநாயகியின் தத்துவத்தைவிடப் பெரியதாகிவிடும் இடம் இது.

பண்ணை வேலையோடு ஆசிரியை வேலையையும் அவள் விடாது செய்கிறாள், காசு வேண்டியிருந்தது. பெருங்கணவாயின் வடபுறத்தில், பலதார மணத்தைக் கைவிடாத மோர்மன் பிரிவினர் வாழும் ஓரூரிலே கற்பிக்கிறாள். சிறுமிகள் கிழவர்களுக்கு மூன்றாம் நான்காம் மனைவியராக்கப்படுகிறார்கள். உலகத்தில் வேறு வாழ்வும் உண்டு என்று லில்லி அவர்களுக்குச் சொல்கிறாள். ஊர்ப் பெரியவர் மிரட்டுகிறார். அவளும் துப்பாக்கியோடு நிற்கிறாள். முடிவில் வேலை போகிறது. பின்னொருமுறை பிரேத வண்டியொன்றைப் பாடசாலை வண்டியாக்கிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கற்பிக்கும் ஊரில், அதிகாரமுள்ள வீட்டுப் பையன் ஒருவனைத் தண்டித்ததற்காக மீண்டும் வேலை போகிறது. படித்த பெண்ணொருத்தி வாய் திறந்தால் என்ன நேரும் என்பதற்கு அரிசோனாவே போதிய சான்று. இந்த லில்லியை நாம் நேசிக்கிறோம். பாடத்தைப் பரீட்சைக்காக அன்றி, பிள்ளை தன் காலில் நிற்பதற்காகக் கற்பித்தவள் அவள். (அப்பிரதேசத்துப் பலதார மணப் பிரச்சினையைத் துப்பாக்கியும் தனியாள் துணிவும் தீர்க்கவில்லை, அரசாங்கமும் தீர்க்கவில்லை. 1953 இல் அரிசோனா அரசு சோற் கிறீக் என்ற ஊரைச் சுற்றி வளைத்து இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிடித்துச் சென்றது. பொதுமக்களின் அனுதாபம் அவ்வூரவர் பக்கம் திரும்ப, ஆளுநரும் அடுத்த தேர்தலில் தோற்றார்.)

இதே லில்லி தன் மகள் றோஸ்மேரியை இடைவாரால் அடிக்கிறாள். குற்றம் யாது? ஹவசுபாய் இனத்து இளைஞர்களோடு நீரில் நீந்தியது.

இந்நிகழ்ச்சியை நாம் எளிதிற் கடந்துபோக முடியாது. ஹவசுபாய் மக்கள் பெருங்கணவாயின் ஆழத்திற் கோடையில் பயிரிட்டும், குளிர்காலத்தில் மேட்டு நிலங்களில் வேட்டையாடியும் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள். 1882 இல் அமெரிக்க அரசு இவர்களுக்கென ஒதுக்கிய நிலம் 518 ஏக்கர். மேட்டு நிலங்கள் மாடுகளுக்கும், பின்னர் தேசியப் பூங்காவுக்கும் போயின. எந்தப் பண்ணையின் எந்த வேலி யாருடைய வேட்டைக் காட்டை ஊடறுத்தது என்று அளந்து கூறுவது நம் வேலையன்று. ஆயினும் இரு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கடல் கடந்த முதலீட்டாளர் சிலருக்கு ஒரு இலட்சம் ஏக்கருக்கு மேல். ஓர் இனம் முழுவதுக்கும் 518 ஏக்கர். பூர்வ குடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924 இலே. அரிசோனாவில் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1948 இல், நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே. ஹவசுபாய் மக்களுக்கு ஏறத்தாழ 185,000 ஏக்கர் திரும்பக் கிடைத்ததோ 1975 இல்.

மோர்மன் சிறுமிகளுக்கு ஊரை எதிர்த்து விடுதலை பேசியவள், தன் வீட்டு வாசலில் இனவேலியைக் காத்து நிற்கிறாள். இம்முரண்பாடு லில்லியின் தனிப்பட்ட குணக்கேடன்று. சாதியை மேடையிற் கண்டித்துவிட்டுத் திருமணப் பேச்சில் அதனைத் தேடிப் பிடிக்கும் படித்தவர்களை அறியாதவர்களா நாம்? தன்முயற்சித் தத்துவம் தனக்கு மேலுள்ளவனை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கிறது. தனக்குக் கீழே நிறுத்தப்பட்டவனை அது காண்பதேயில்லை.

இங்கேதான் துணைத் தலைப்பின் பிரச்சினை எழுகிறது. பாட்டி இறக்கும்போது பேத்திக்கு வயது எட்டு. தாயிடம் கேட்ட கதைகளைக் கொண்டு, இடைவெளிகளைத் தாமே நிரப்பி, முழுவதையும் பாட்டியே 'நான்' என்று கூறுவதாக எழுதியிருப்பதனாலேயே இதனை நாவல் என்று அழைத்ததாக நூலாசிரியர் கூறுகிறார். நேர்மையான விளக்கம். ஆயின் உத்தி என்பது வெறும் உத்தியாக நிற்பதில்லை. 'நான்' என்ற குரலை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது ஒரு பக்கச் சார்பு. இடைவார்க் காட்சியை வாரை ஏந்திய கையே நமக்குச் சொல்கிறது. அடி வாங்கிய மகளின் பார்வை இல்லை. நீரில் நின்ற இளைஞனுக்கு அவ்வளவுகூட இல்லை. காட்சியை மறைக்காமல் வைத்த பேத்தியின் நேர்மையை நாம் மதிக்கிறோம். அக்காட்சியை விசாரிக்கும் பொறுப்பைப் பாட்டியிடமே ஒப்படைத்துவிட்டதை நாம் ஏற்கமாட்டோம்.

ஜெனெற் வோல்சுக்கு விசாரிக்கத் தெரியாது என்பதன்று. 2005 இல் வெளிவந்த அவரது தன்வரலாறான 'த கிளாஸ் காசில்' நூலிலே அவர் அதனைச் செய்திருக்கிறார். லில்லியிடம் அடிபட்ட அதே றோஸ்மேரி அந்நூலிலே தாயாக வருகிறாள். யார் உதவியையும் வேண்டேன், யார் விதியையும் ஏற்கேன் என்ற பாட்டியின் கொள்கை, மகளிடத்திலும் அவள் கணவனிடத்திலும் ஒரு பைத்தியமாக முற்றியிருக்கிறது. பிள்ளைகள் பசியோடு ஊரூராக அலைகிறார்கள். மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரி நகரொன்றிலே, பாடசாலைக் குப்பைத் தொட்டியிலிருந்து மற்றப் பிள்ளைகள் எறிந்த உணவை எடுத்து உண்கிறாள் சிறுமி ஜெனெற். அரசாங்க உதவி பெறத் தாய் மறுக்கிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு செய்தி தெரியவருகிறது: இக்காலம் முழுவதும் தாய்க்கு ரெக்சாசிலே ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் பெறுமதியான நிலம் இருந்தது. குடும்ப நிலம் விற்கப்படலாகாது என்பது தாயிடமிருந்து அவள் பெற்ற வேதவாக்கு.

இரு நூல்களையும் ஒன்றாக வைத்து நோக்குமிடத்து, ஒன்று மற்றதன் விமர்சனமாக அமைவதைக் காணலாம். லில்லியிடத்தில் தன்முயற்சி ஒரு படைக்கலம். வேறெதுவும் கையில் இல்லாதவள் ஏந்தியது. அடுத்த தலைமுறையில், சூழல் மாறியபின், அதே படைக்கலம் பிள்ளைகளின் மேல் விழுகிறது. தன்வரலாற்றில் இதனை இரக்கமின்றிக் கண்ட எழுத்தாளர், நான்கு ஆண்டின் பின் எழுதிய நாவலில் அதன் ஊற்றுக்குப் போனபோது கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். பாட்டியிடத்து அன்பு காரணமாகலாம். வேறொன்றும் காரணமாகலாம்: எவர் துணையுமின்றித் தன் காலில் நின்று வென்ற மேய்ச்சல் நிலத்துப் பெண் என்பது அமெரிக்க வாசகர் காசு கொடுத்து வாங்க விரும்பும் உருவம். நாவல் வெளிவந்த ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதனைச் சிறந்த பத்து நூல்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. 2009, வீடுகளை வங்கிகளிடம் இழந்து அந்நாட்டு மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம் என்பதையும் நினைவிற் கொள்க. அத்தகைய காலத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத் தானே காத்துக்கொண்ட பாட்டியின் கதை பலருக்கு ஆறுதல் அளித்திருக்கும். சில வங்கிகளுக்கும் அளித்திருக்கும்.

இவ்வளவும் கூறியபின்னும் நூலின் தொடக்கக் காட்சி நம்மை விட்டு அகலவில்லை. லில்லிக்குப் பத்து வயதிருக்கும். மேய்ச்சல் நிலத்தில் திடீர் வெள்ளம். தம்பியையும் தங்கையையும் மரத்திலேற்றித் தானும் ஏறிக்கொள்கிறாள். உறங்கினால் நீரில் விழுந்துவிடுவர். எனவே இரவு முழுவதும் இருட்டிலே வாய்பாடு கேட்கிறாள். சனாதிபதிகளின் பெயர்களைக் கேட்கிறாள். தவறினால் மீண்டும் கேட்கிறாள். விடிந்து வீடு சேர்ந்தபோது, காவற் சம்மனசுதான் காப்பாற்றியது என்று தாய் முழந்தாளிடச் சொல்கிறாள். சிறுமிக்கு அது பொறுக்கவில்லை. அவளது முதல் வகுப்பறை அந்த மரக்கிளை. வகுப்பில் இருவர். அங்கே அவள் தன்னை மட்டும் காத்துக்கொள்ளவில்லை.

நம் மாணவருள் ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்கள் இவ்விரு நூல்களையும் வாசிக்கவேண்டும். முதலில் தன்வரலாற்றையும் பின்னர் நாவலையும் வாசிப்பதே பொருத்தம். நூலகத்தில் எது முதலிற் கிடைக்கிறதோ அதனையே எடுப்பவர்கள், இடைவார் வரும் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்துவிட்டு மற்ற நூலுக்குச் செல்வார்களாக.